தானாக அணையும் லேப்டாப்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒருவருடைய லேப்டாப் வேலையின் நடுவே தானாக அணைந்துபோனால், அக்கம்பக்கத்தில் உடனே கிடைக்கும் பதில்கள் மூன்று: கரண்ட் சரியில்லை, வைரஸ் புகுந்திருக்கும், ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். முதல் இரண்டும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மூன்றாவதைச் செய்தால் கோப்புகளோடு சேர்ந்து பழுதின் தடயங்களும் அழிந்துவிடும். தானாக அணையும் கணினியில் கோளாறு இருக்கும் இடத்தை, அது எப்போது, எந்த நிலையில், எந்த விதமாக அணைகிறது என்பதிலிருந்தே பெருமளவு ஊகித்துவிடலாம். அந்த ஊகத்தை உறுதிசெய்துகொள்ளும் முறைதான் கீழே விளக்கப்படுகிறது.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவை இயங்கும் கணினிகளை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முதல் மூன்று படிகளுக்கு ஸ்க்ரூடிரைவரும் தேவையில்லை, செலவும் கிடையாது.

தொடங்குவதற்கு முன்

கணினியைத் தட்டையான மேசையில் வைத்து, அடிப்பக்கம் சமமாக உட்காருகிறதா, டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, விசைப்பலகை நடுவில் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் கீழே சொல்லப்படும் எந்தச் சோதனையையும் செய்யாமல், சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். வீங்கிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்க வழிசெய்யும்.

வீக்கம் இல்லையென்றால் முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. மின்சாரம் திடீரென்று அறுபடும் ஒவ்வொரு முறையும், அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும் அபாயம் உண்டு. கணினி சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கிறது என்றால், முக்கியமான கோப்புகளை மட்டும் சிறு சிறு தொகுதிகளாக பென் டிரைவில் நகலெடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல விண்டோஸ் 11 கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதற்கான பிட்லாக்கர் மீட்புக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்னொரு கருவியிலிருந்து பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டையோ (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பயாஸையோ (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) யாராவது தொட்ட பிறகு கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்கக்கூடும். அப்போது அவை கையில் இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க வழியே இருக்காது.

முதல் படி: அணையும் விதத்தைக் குறித்தல்

அணைதல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. எந்த அறிவிப்பும் இல்லாமல் திரையும் விளக்குகளும் ஒரே கணத்தில் இருண்டுவிட்டால், மின்சாரம் அறுந்திருக்கிறது அல்லது வெப்பப் பாதுகாப்பு கணினியை வெட்டியிருக்கிறது. நீலத்திரையோ கருந்திரையோ ஒரு நொடி தோன்றி கணினி மறுபடி தொடங்கினால், அது விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்ட நிகழ்வு. டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), ராம் (தற்காலிக நினைவகம்), வட்டு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். 'ஷட்டிங் டவுன்' என்ற சொற்கள் திரையில் வந்து ஒழுங்காக அணைந்தால், அப்டேட்டோ ஏதோ ஒரு மென்பொருளோ அப்படி ஆணையிட்டிருக்கிறது.

நான்காவது வகையில் கணினி அணைவதே இல்லை, உறங்கிவிடுகிறது. பவர் பொத்தானை அழுத்தியதும் திறந்திருந்த சன்னல்கள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தால் அது உறக்கம்தான். மூடி மூடப்பட்டதை உணரும் சென்சார் காந்தத்தால் வேலை செய்வதால், காந்தப் பட்டை கொண்ட கைப்பேசி உறையை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தாலே சில கணினிகள் உறங்கிவிடும். இதற்காக மதர்போர்டு வரை போனவர்களும் உண்டு.

விதத்தைக் குறித்த பின் நிலைமையைக் குறியுங்கள். சார்ஜரில் இருந்ததா, பேட்டரியிலா? இயக்கி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது? தூக்கி நகர்த்தும்போதா, யு.எஸ்.பி.யில் ஏதாவது செருகும்போதா, வீடியோ அழைப்பின்போதா? அணைந்ததும் உடனே இயக்கினால் முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது பதிலானால் வெப்பத்தை முதலில் சந்தேகிக்கலாம்.

விண்டோஸின் மீது பழியைப் போடலாமா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. இயக்கும்போது எஃப் 2 விசையை, அல்லது உங்கள் மாடலுக்கு உரிய வேறு விசையை அழுத்தி, பயாஸ் திரைக்குள் சென்று, கணினியை ஒரு மணி நேரம் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கு விண்டோஸ் இயங்குவதில்லை. அங்கும் அணைந்தால் கோளாறு வன்பொருளில்தான். ஃபார்மேட் செய்வதில் பயனில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஆனால் பயாஸில் அணையாமல் இருந்துவிட்டால் வன்பொருள் நலம் என்று முடிவுகட்டிவிட முடியாது, ஏனென்றால் அங்கு கணினிக்குச் சுமை குறைவு.

இரண்டாம் படி: விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படித்தல்

விண்டோஸ் சின்னத்தின் மீது வலப்புறச் சொடுக்கு செய்தால் வரும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' இருக்கும். அதைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழுள்ள 'சிஸ்டம்' பகுதிக்குச் சென்று, கணினி அணைந்த நேரத்தை ஒட்டிய வரிகளைப் பாருங்கள். அங்கு நமக்கு வேண்டிய எண்கள் மூன்று.

1074 என்றால் ஏதோ ஒரு நிரலோ பயனரோ ஆணையிட்டு ஒழுங்காக அணைத்திருக்கிறார்கள். எந்த நிரல் என்பதும் அந்த வரியிலேயே எழுதியிருக்கும். 6008 என்றால் முந்தைய அணைப்பு எதிர்பாராதது. அது நிகழ்ந்த நேரம் வரியின் உள்ளே இருக்கும். 41 என்ற எண்ணும் 'கெர்னல் பவர்' என்ற பெயரும் சிவப்புக் குறியோடு தெரிந்தால் பலர் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். கணினி ஒழுங்காக அணையாமல் மறுபடி தொடங்கியது என்ற செய்தி மட்டுமே அதில் உள்ளது. அதுவும் அடுத்த முறை இயக்கும்போது எழுதப்படுவது.

பயனுள்ள விவரம் அந்த 41-இன் உள்ளே 'டீடெய்ல்ஸ்' பகுதியில் இருக்கிறது. அங்கு 'பக்செக் கோட்' என்ற வரியில் 0 என்று இருந்தால், விண்டோஸுக்கு எதையும் பதிவுசெய்ய அவகாசமே கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். மின்சாரம், வெப்பம், மதர்போர்டு ஆகிய மூன்றின் பக்கம் திரும்புங்கள். 0 அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. 292 என்பது வன்பொருள் தானே பிழையை அறிவித்ததைக் காட்டும். 26 நினைவக நிர்வாகப் பிழையைக் காட்டும். 159 மின்நிலை மாற்றத்தின்போது ஒரு டிரைவர் தடுமாறியதைக் காட்டும். 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்ற வரியில் 0 இல்லாமல் நீண்ட எண் இருந்து, நீங்களோ வீட்டில் வேறு யாருமோ பொத்தானை அழுத்தவில்லை என்றால், பொத்தானே உள்ளே சிக்கிக்கொள்கிறது என்று ஐயப்படலாம்.

மூன்றாம் படி: சார்ஜரையும் பேட்டரியையும் பிரித்துச் சோதித்தல்

கணினிக்கு மின்சாரம் வரும் வழிகள் இரண்டு. ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பதே இந்தச் சோதனை. முழுவதும் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு நீண்ட வீடியோவை முழு வெளிச்சத்தில் ஓட விடுங்கள். 40, 30 சதவீதம் இருக்கும்போதே சட்டென்று அணைந்தால் பேட்டரி முதுமையடைந்திருக்கிறது. பழைய லித்தியம் செல்களில் உள்மின்தடை கூடுவதால், திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, காட்டப்படும் சதவீதம் எதுவாக இருந்தாலும் கணினி நின்றுவிடும். இந்தத் தன்மை அறிக்கைகளில் தெரியாது என்பதால்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

அறிக்கையும் வேண்டுமென்றால் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு முன்சாய்கோடு இட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். உருவாகும் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைத் திரையே சொல்லும். அதில் 'டிசைன் கபாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்பது இன்றுள்ள கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் பாதியை நெருங்கிவிட்டால் புதிய பேட்டரிக்கு நேரம் வந்துவிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்களில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவற்றின் முதல் பேட்டரி இன்னும் மாற்றப்படவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுமுன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியில் நன்றாக ஓடி, சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அணைந்தால், சார்ஜர், அதன் செருகுமுனை ('பின்'), சார்ஜ் ஏற்றும் சுற்று ஆகிய மூன்றில் ஒன்று கோளாறாக இருக்கும். சார்ஜரின் முதுகில் எழுதியுள்ள வோல்ட் அளவு கணினியின் அடியில் எழுதியுள்ளதோடு ஒத்திருக்க வேண்டும்; வாட் அளவு குறையக் கூடாது. 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் சார்ஜரைச் செருகினால் சும்மா இருக்கும்போது ஓடும், சுமை ஏறியதும் தடுமாறும். டைப்-சி வகைச் சார்ஜரில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் கைப்பேசியின் சார்ஜரும் அதே துளையில் நுழைந்துவிடுகிறது. பின்னைச் செருகிய நிலையில் மெல்ல அசைத்து, சார்ஜ் விளக்கு மினுங்குகிறதா என்றும் பாருங்கள்.

இனி, கரண்ட் சரியில்லை என்ற தீர்ப்புக்கு வருவோம். லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. கோடை மாலைகளில் நம் தெருக்களில் மின்னழுத்தம் 230-இலிருந்து இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றும் வேளையிலும் அவை தாங்கும். மின்சாரம் முழுவதும் போனால் பேட்டரி ஏற்க வேண்டும். ஆகவே மின்தடை ஏற்பட்ட அதே கணத்தில் லேப்டாப்பும் அணைகிறது என்றால், குற்றம் மின்வாரியத்துடையது அன்று, பேட்டரியுடையது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள், இந்த வகையில் செலவில்லாத சோதனை நாள்.

மின்சாரம் போகும்போது நேர்வதைவிட, திரும்பி வரும்போது ஏற்படும் திடீர் மின்னழுத்த ஏற்றம் சார்ஜரை அடித்துவிட வாய்ப்பு அதிகம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைக் கடந்தபோது மின்கம்பிகள் அறுந்து இணைப்புகள் பகுதி பகுதியாகத்தான் திரும்பின. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் நிலைபெறும்வரை சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பதே நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது சார்ஜர் இரைந்து, வழக்கத்தைவிடச் சூடானால், அந்த இன்வெர்ட்டர் சீரான மின்னலை தரும் சைன் வேவ் வகையா, பழைய ஸ்கொயர் வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வெப்பம்

பிராசஸர் சூடானதும் உடனே கணினி அணைவதில்லை. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் வெப்பம் குறையாமல் ஏறினால்தான் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டுகிறது. எனவே வெப்பத்தால் அணையும் கணினி, அதற்கு முன் சில நிமிடங்களாவது மந்தமாகி, ஃபேன் இரைச்சல் ஏறி, அறிகுறி காட்டியிருக்கும். எந்த மந்தமும் இன்றி அணைந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

இதை உறுதிசெய்ய எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதன் சென்சார் சன்னலில் பதிவைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினால், வெப்ப அளவுகள் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். கணினி அணைந்தாலும் கோப்பு எஞ்சும். மறுபடி இயக்கி அதன் கடைசி வரியைப் பாருங்கள். அங்கு பிராசஸரின் வெப்பம் 95-ஐத் தாண்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 60 என்று இருந்தால் தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் வெப்பத்தைக் குளிர்விப்புத் தகட்டுக்குக் கடத்தும் பசை) மாற்றச் சொல்லும் எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. வீட்டில் செய்யக்கூடியவற்றுள் இதைவிட நம்பத்தக்க சோதனை வேறொன்று எனக்குத் தெரியாது.

அறையின் வெப்பம் கூடும் அளவு பிராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ அப்படியே கூடும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 85-இல் நின்ற கணினி, கத்திரி வெயில் நாட்களில் 38 டிகிரி அறையில் 97-ஐத் தொடுவதில் வியப்பில்லை. இப்படி மே மாதத்தில் மட்டும் அணையும் கணினியின் குளிர்விப்பு அமைப்பு ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது. முதலில் மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றிலிருந்து அதை எடுத்து, பின்பக்கம் சற்று உயரும்படி மேசையில் வையுங்கள். பிறகு வெப்பக்காற்று வெளிவரும் துளையில் கை வைத்துப் பாருங்கள். ஃபேன் இரைகிறது, காற்றோ வரவில்லை என்றால், ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளம்போல் படிந்திருக்கிறது.

அடிமூடியைத் திறக்கப் பழக்கம் உள்ளவர்கள் கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்தவுடன் பேட்டரியின் கனெக்டரை விடுவித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். ஊதும் முன் ஃபேனின் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசிப் படலம் இன்னும் உள்ளே நகரும், ஆகவே படலத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு ஊதுவது முறை. தெர்மல் பேஸ்ட் மாற்றுவது அடுத்த கட்டம். பழையதை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை மெல்லிய படலமாக இட்டு, ஸ்க்ரூக்களை அவற்றின் அருகில் அச்சிட்டுள்ள எண் வரிசைப்படி சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: உப்பும் ஈரமும்

உள்மாவட்டத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கரையோரப் பகுதிகளில் பிற்பகலில் சன்னலைத் திறந்தால் வரும் கடற்காற்று உப்புத் துகள்களையும் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். நம் கரையில் அந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். சுற்றுப்பலகையின் மீது அப்படி உருவாகும் மெல்லிய உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

இதன் அடையாளம் ஒழுங்கின்மை. காலையில் மட்டும் இயங்க மறுப்பது, மழை நாட்களில் அதிகம் அணைவது, சற்று நேரம் ஓடிச் சூடான பின் சரியாகிவிடுவது ஆகியவை வெப்பக் கோளாறுக்கு நேர்மாறானவை. அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டர், சார்ஜர் பின் வந்து சேரும் இடம், ராம் செருகும் பள்ளம் ஆகியவற்றில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான பூப்பை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு எடுத்துவிடலாம். ராமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். ரப்பர்த் துகள் பள்ளத்தில் விழுவதாலும் மெல்லிய பூச்சு தேய்வதாலும் ஆல்கஹாலில் நனைத்த துணியே மேல் என்பது என் கருத்து.

ஏ.சி. அறையில் நெடுநேரம் இருந்த கணினியைப் புழுக்கமான வெளிக்கு எடுத்துவந்து உடனே இயக்குவதும் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மீது ஈரம் படியும். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவைத்து, பிறகு எடுங்கள். வெள்ளநீரில் நனைந்த கணினியை வெயிலில் காயவைத்து இயக்கிப் பார்ப்பது பெருந்தவறு. நீர் காய்ந்தாலும் உப்பும் சேறும் உள்ளேயே இருக்கும்.

ஆறாம் படி: நினைவகமும் மென்பொருளும்

இரண்டாம் படியில் 0 அல்லாத எண் கிடைத்தவர்களுக்கே இது தேவை. தேடும் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ராமைச் சோதிக்கும் கருவி வரும். ஆழமாகச் சோதிக்க மெம்டெஸ்ட் 86 என்ற மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடலாம். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்ப வேண்டாம். இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

ராம் நலம் என்றால் கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதுப்பியுங்கள். பிறகும் தீராவிட்டால் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கி, அதில் சில மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அங்கு அணையாமல் ஓடி, விண்டோஸில் மட்டும் அணைகிறது என்றால், விண்டோஸை மீண்டும் நிறுவலாம் என்ற பேச்சுக்கு இப்போதுதான் இடம் உண்டு. பயாஸை மட்டும் இந்தக் கட்டத்தில் புதுப்பிக்கவே கூடாது. பாதியில் கணினி அணைந்தால் மதர்போர்டு மீளாமலே போகக்கூடும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது பெரும்பாலும் மதர்போர்டின் மின்சுற்றில் உள்ள கோளாறுதான். அதற்கு, பலகையிலுள்ள சிறு பாகங்களைத் தனித்தனியே மாற்றும் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் தேவை. எல்லாக் கடைகளிலும் அந்த வசதி இருக்காது; சிலர் வாங்கி வைத்து வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கேயே செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 'தானா ஆஃப் ஆகுது, பாருங்க' என்று மட்டும் சொன்னால் ஃபார்மேட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக, பேட்டரியில் மட்டும் எத்தனை நிமிடம் ஓடியது, சார்ஜரில் என்ன ஆனது, பயாஸில் அணைந்ததா, கடைசியாகப் பதிவான வெப்பம் எவ்வளவு, பக்செக் எண் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ராம், எஸ்.எஸ்.டி. (கோப்புகள் இருக்கும் வட்டு) ஆகியவற்றின் மேலுள்ள வரிசை எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும் யாரையும் அவமதிப்பது ஆகாது.

பழுதுபார்க்கும் செலவு, அதே திறனுள்ள பழைய லேப்டாப்பின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு வேறு கணினிக்குப் போவதே மேல். சரிசெய்து கொடுத்தால், கடையிலேயே அரை மணி நேரம் பேட்டரியில், அரை மணி நேரம் சார்ஜரில், ஏதாவது கனமான வேலை ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.